அத்தை எழுதி வைத்த வீடு

1

நேற்றுக் காலை அரவிந்துக்கு வீட்டுக் குலுக்கலில் எண் விழுந்ததாம். என் மனைவி மல்லிகா சமையலறையிலிருந்து கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள். படத்தில் அவனும் ஒரு பெண்ணும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு, வீட்டு வாரியத்திலிருந்து வந்த செய்தியைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தபடி சிரிக்கிறார்கள். அரவிந்த் என் மகள் யாழினியைக் கட்டிக்கொள்ள இருந்தவன். படத்தில் இருக்கும் பெண் யாழினி இல்லை.

"பல்லப் பாரு, கடவாப்பல்லு வரைக்கும் தெரியுது" என்றாள் மல்லிகா.

நான் பல்லைப் பார்க்கவில்லை, எண்ணைத்தான் பார்த்தேன். நல்ல எண். சிங்கப்பூரில் என்னைப்போல இத்தனை காலம் குப்பை கொட்டினால் கண் முதலில் எண்ணுக்குத்தான் போகும். வயிறு எரிந்தது. எரியவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்பப் போவதில்லை.

அந்த எரிச்சல் அடங்குவதற்குள் திருத்தணியிலிருந்து கஸ்தூரி அக்காவின் குரல் செய்தி வந்தது. கஸ்தூரி என் உடன்பிறந்த அக்கா. கிருத்திகைக்குக் கிருத்திகை மலைக்குப் போய் இறங்கியதும் எனக்கு அனுப்பிவிடுவாள். பின்னால் பஸ் ஹாரன், பூக்காரியின் கத்தல், நடுவில் இவள் குரல். "சேகரு, எப்டி கீற? சாமி பாத்துட்டு எறங்கிகினு கீறேன். நம்ம யாழினிக்கு வீடு வந்துச்சாடா? வந்தா ஒரு வார்த்த சொல்லு, நான் மொட்ட போட்டுக்கறேன்னு வேண்டிகினு கீறேன்."

'வரும் அக்கா' என்று எழுதி அனுப்பினேன். ஒரு வருடத்துக்கு மேலாக இதையே எழுதிக்கொண்டிருக்கிறேன். வீடு வராது என்று எனக்குத் தெரியும். யாழினி இப்போது குலுக்கலிலேயே இல்லை. அக்காவுக்கு மட்டும் அது தெரியாது.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தக் குலுக்கலை விளங்க வைப்பது பெரும்பாடு. திருத்தணியில் வீடு என்றால் முதலில் மனை. பிறகு வாஸ்துக்காரர், கடைக்கால், சிமெண்ட் விலை, ஜன்னல் மட்டத்தில் நின்றுபோன சுவர், அந்தச் சுவரில் முளைக்கும் அரசங்கன்று. எப்படியும் ஒரு நாள் கூரை ஏறிவிடும், புகுமனைக்குப் பந்தல் போட்டுவிடுவார்கள். கையில் காசு இருந்தால் வீடு, இல்லாவிட்டால் இல்லை. சட்டம் அவ்வளவுதான்.

இங்கே நிலமும் அரசாங்கத்தின் கையில், கட்டுவதும் அரசாங்கம்தான். வருடத்தில் சில முறை, இந்த இந்தப் பேட்டையில் கட்டப்போகிறோம் என்று வாரியம் அறிவிக்கும். அப்போது வீடு இருக்காது, படம்தான் இருக்கும். முதல் முறை வீடு வாங்கும் இளம் ஜோடிகள் விண்ணப்பிப்பார்கள். கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஆகப்போகிறது என்றால் போதும். இருக்கும் வீட்டைவிட ஆள் அதிகம் என்பதால் கணினி குலுக்கிப் போடும். ஓர் எண் வரும். அந்த எண்தான் வரிசையில் உங்கள் இடம். சின்ன எண் என்றால் முதலில் போய் மாடியும் காற்றும் பார்த்து வீடு எடுக்கலாம். பெரிய எண் என்றால் முன்னால் நிற்கும் ஜோடிகளில் நாலு ஜோடி சண்டை போட்டுப் பிரிய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளலாம். நான் வேண்டியிருக்கிறேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, என் பின்னால் நிற்பவனும் யாழினி பிரிய வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருப்பான். அவன் வேண்டுதல் பலித்தது.

அதற்குள்ளும் ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு கட்டடத்திலும் சீனருக்கு இவ்வளவு, மலாய்க்காரருக்கு இவ்வளவு, இந்தியருக்கு இவ்வளவு என்று பங்கு. எல்லா இனமும் கலந்து வாழ வேண்டும் என்று செய்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான். ஆனால் உங்கள் முறை வரும்போது வீடு மிச்சமிருந்து இந்தியர் பங்கு தீர்ந்துபோயிருந்தால், அந்த நல்லதை நினைத்துச் சந்தோஷப்பட மனம் வராது.

இங்கே ஒரு பையன் பெண்ணிடம் மனதைச் சொல்ல மோதிரம் வாங்கிக்கொண்டு அலைவதில்லை. "சேர்ந்து வீட்டுக்குப் போடலாமா?" என்று கேட்கிறான். அவள் சரி என்றால் நிச்சயதார்த்தம் முடிந்தது. சாதகம் பார்ப்பதெல்லாம் வீட்டு எண் வந்த பிறகுதான்.

முதல் முறை வாங்குபவர் என்ற தகுதி இருக்கிறதே, அதைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்துக் காப்பாற்ற வேண்டும். உங்கள் பெயரில் உலகத்தில் எங்கேயும் ஒரு வீடு இருக்கக் கூடாது. இருந்ததைக் கைவிட்டாலும் இரண்டரை வருடம் கழித்துத்தான் விண்ணப்பிக்க முடியும். இந்த விதியை நானும் படித்தேன். லண்டனிலும் மெல்போர்னிலும் வீடு வாங்கிப் போடுபவர்களுக்கு எழுதியது என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். கப்பல் பட்டறையில் பற்றவைப்பு வேலைக்கு வந்து, மேற்பார்வையாளனாகி, பிடித்துத் தொங்கிக் குடியுரிமை வாங்கியவன் வீட்டுப் பெண்ணுக்கு வெளிநாட்டுச் சொத்து எங்கிருந்து வரும்?

திருத்தணியிலிருந்து வந்தது.

3

யாழினி மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அரவிந்த் அரசுப் பள்ளி ஆசிரியன். மூன்று வருடமாக இருவரும் விண்ணப்பித்து விண்ணப்பித்துத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். தோற்றவர்களுக்கு அடுத்த முறை கூடுதல் வாய்ப்பு உண்டு என்று வாரியம் ஆறுதல் சொல்லும். ஒவ்வொரு முறை முடிவு வந்ததும் யாழினி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அது அறை என்பதற்கே லாயக்கில்லை, கட்டிலைப் போட்டால் அலமாரிக் கதவு பாதிதான் திறக்கும். சாப்பாட்டு மேசையில் எங்கள் பேச்சு ஒன்றிரண்டு வார்த்தையாகிவிட்டது. மல்லிகா தமிழில் கேட்பாள், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், எனக்குப் பாதி புரியும்.

யாழினிக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத் தமிழ். "அத்தை, நலமாக இருக்கிறீர்களா? உணவு சாப்பிட்டீர்களா?" என்று வீடியோ அழைப்பில் கேட்பாள். கஸ்தூரி அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். "டிவியில நூசு வாசிக்கிற மாரியே பேசுதுடா கொழந்த. ஆங், துன்னேன் கண்ணு, நீ துன்னியா?"

அக்கா சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் புருஷனை நான் பாவா என்று கூப்பிடுவேன். ஆர்.கே.பேட்டையில் கூலிக்குப் பவர்லூம் ஓட்டியவர், நெஞ்சு சளியிலேயே போய்ச் சேர்ந்தார். பிள்ளை இல்லை. அரக்கோணம் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டு அறையும் மாடிப்படியுமாக ஒரு வீடு. முழுக்க அவள் சம்பளத்தில் எழுந்தது. மேலே மாடி எழும்பவே இல்லை, படி மட்டும் போய் வானத்தில் முட்டி நிற்கும்.

ஒரு ஆடிக் கிருத்திகைக்கு யாழினியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். விழாவுக்கு முன்னதாக ஒரு நாள் நான் சென்னைக்கு வேலையாகப் போய்விட்டேன். அக்கா அவளை மட்டும் கூட்டிக்கொண்டு வெளியே போயிருக்கிறாள். திரும்பி வந்ததும் யாழினி மை படிந்த கட்டைவிரலைக் காட்டினாள். "அப்பா, அத்தைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். போட்டோகூட எடுத்தாங்க." ஏதோ ஓய்வூதியச் சமாச்சாரம் என்று விட்டுவிட்டேன். அக்கா அடுப்படியில் நின்று தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

4

அடுத்த குலுக்கலில் எண் விழுந்தது. நல்ல எண், இந்தியர் பங்குக்குள் தாராளமாக வரும் எண். யாழினி அறைக்கதவைத் திறந்துகொண்டு வந்து மல்லிகாவைக் கட்டிப்பிடித்தாள். அவள் அம்மாவைத் தொட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீடு தேர்ந்தெடுக்க நாளும் குறித்து வந்தது. எந்த மாடி, எந்தப் பக்கம் வெயில் விழும், ரயில் நிலையத்துக்கு எவ்வளவு நடை என்று இரண்டு பேரும் படத்தை விரித்துவைத்துப் பேசிக்கொண்டே இருப்பார்கள். அரவிந்த் என்னை "அங்கிள்" என்று கூப்பிடுவதை விட்டு "மாமா" என்றுகூடச் சொல்லிப் பார்த்தான்.

நல்ல சேதி என்று நானே அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன், எல்லாரும் சுற்றி நின்றோம்.

"மலையான் கண்ணத் தொறந்துட்டாண்டா!" என்று கத்தினாள் அக்கா. "சேகரு, கல்யாணத்தும்போது சொல்லலாம்னு வச்சிகினு இருந்தேன், இனிமே வாய் நிக்காது. ஒன் பொண்ணுக்கு இப்ப ரெண்டு வீடுடா. போன ஆடிக் கிருத்திகைக்கே என் வீட்ட அவ பேர்ல எழுதிட்டேன். எனக்கு ஒரு பையன் இருந்திருந்தா அவ எனக்கு மருமவளா வந்திருப்பா, இந்த வீட்லதான் வௌக்கேத்தியிருப்பா. பையன் இல்ல. அதான் வீட்ட அவளுக்கே குடுத்துட்டேன். அத்த வூட்டு சீரு!"

அந்தப் பக்கம் அக்கா மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள். "இன்னாடா, சந்தோஷத்துல பேச்சே வர்லியா?"

யாழினி தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். அண்ணன் தம்பி மகளின் மேல் அத்தைக்கு ஓர் உரிமை உண்டு. மகன் இருந்தால் கேட்டு எடுப்பாள், இல்லாவிட்டால் எதையாவது கொடுத்து அந்த உரிமையை நிலைநாட்டுவாள். ஒருத்தி மூக்குத்தி கொடுப்பாள், ஒருத்தி பட்டு எடுப்பாள். இவளிடம் இருந்தது வீடு. வாங்கிக்கொள்கிறவளிடம் முன்கூட்டிக் கேட்பது மட்டும் வழக்கத்தில் கிடையாது. கேட்டால் அது சீரே இல்லை.

எந்த வீடும் இல்லை என்று யாழினி வாரியத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். தெரியாமல் சொன்ன பொய். இனி அப்படியே விட்டால் தெரிந்து சொல்லும் பொய்.

நான் என் மனதில் பட்டதைச் சொன்னேன். "திருத்தணி பத்திர ஆபீஸுக்கும் சிங்கப்பூருக்கும் என்ன சம்பந்தம்? வாய மூடிக்கிட்டுப் போய் வீட்ட எடுங்க."

அரவிந்த் வீட்டுப் படத்தை மடித்துவைத்தான். "தெரிஞ்சா வீடும் போகும், என் வேலையும் போகும் அங்கிள்" என்றான். மாமா மறுபடி அங்கிள் ஆகிவிட்டேன்.

அந்தப் பத்திரத்தையே இல்லாமல் ஆக்கிவிட்டால்? விற்கவில்லை, கொடுக்கவில்லை, கேட்காமல் வந்ததைத் திருப்பிவிட்டோம் என்றால் அது வீடு வைத்திருந்த கணக்கில் வராது அல்லவா? அரவிந்த் வாரியத்துக்கு எழுதிக் கேட்டான். பதில் வருவதற்குள் குறித்த நாள் வந்துவிடும் போலிருந்தது. காத்திருக்கப் பொறுமை இல்லை. நானும் யாழினியும் விமானம் ஏறினோம்.

5

கத்திரி வெயில். சென்னையிலிருந்து மின்சார ரயிலில் போனோம். மணவூர், திருவாலங்காடு என்று நான் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தேன். யாழினி காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

நாங்கள் எதற்கு வருகிறோம் என்று அக்காவிடம் சொல்லவில்லை. தொலைபேசியில் சொன்னால் அழுது ஊரைக் கூட்டிவிடுவாள் என்று மல்லிகா சொல்லியிருந்தாள். ஆகவே நன்றி சொல்ல வருகிறோம் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். வீட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. கதவுக்குப் பக்கத்தில் கருங்கல் பலகை ஒன்றைப் பதித்து மஞ்சள் எழுத்தில் எதையோ செதுக்கி வைத்திருந்தாள்.

"படிம்மா, சத்தமா படி" என்றாள்.

யாழினி எழுத்துக்கூட்டினாள். "யா-ழி-னி இல்-லம்." பிறகு என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னாள், "அப்பா, இதை யாராவது படம் எடுத்துப் போட்டுவிட்டால் என்ன செய்வது? எடுக்கச் சொல்லுங்கள்."

"இன்னாடா சொல்றா?"

"உள்ள போலாம் அக்கா."

உள்ளே போய் உட்கார்ந்து சொன்னேன். குலுக்கல், தகுதி, எங்கேயும் வீடு இருக்கக் கூடாது என்ற விதி, எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா ஆரத்தித் தட்டைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"வீட்டால எப்டிடா அவளுக்குக் கெடுதல் வரும்? வீடு இல்லாங்காட்டிதான் வரும்."

"அங்க சட்டம் அப்படி."

"இன்னா சட்டம் அது? சொந்த அத்த குடுக்கறத வாங்கக் கூடாதுன்னு ஒரு சட்டமா? நீ சரியா கேட்டியா? ஒனக்கு இங்கிலீசு அரகொறதான."

எனக்கு ஏறிக்கொண்டது. மூன்று வருடம் என் மகள் கதவைச் சாத்திக்கொண்டு அழுததெல்லாம் மண்டைக்குள் வந்தது. "கேட்டுட்டுச் செய்யணும் அக்கா. நீ ஒண்ணப் பெத்து வளத்திருந்தா அது தெரிஞ்சிருக்கும்."

அவளிடம் யாரும் அதைச் சொன்னதில்லை. பாவாவின் அம்மாகூட அவள் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை என்று அக்காவே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். தட்டை மெதுவாகத் தரையில் வைத்தாள். சூடம் கொளுத்தாமலே இருந்தது.

யாழினி ஏதாவது சமாதானம் சொல்வாள் என்று பார்த்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "அத்தை, நீங்கள் என்னைக் கேட்கவில்லை. எனக்கு இந்த வீடு தேவை இல்லை." ஒவ்வொரு சொல்லும் சுத்தமாக வந்தது. தேற்றிப் பேசும் தமிழைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பதில்லை.

அக்கா எழுந்து உள்ளே போனாள். ஆணியும் சுத்தியலுமாக வந்து, சுவரிலிருந்த முருகன் காலண்டரைக் கழற்றி, வாசலில் கல் பலகையை மறைத்து மாட்டினாள். "இப்ப தெரியல இல்ல?" என்று யாழினியைக் கேட்டாள். யாழினி தலையசைத்தாள். பிறகு அக்கா எங்களுக்குச் சோறு போட்டாள்.

6

ரத்துப் பத்திரத்துக்கு இரண்டு பேரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். பத்திரம் எழுதுபவருக்கு அக்காவைத் தெரியும். அக்கா வீட்டை எழுதிக்கொடுத்த செட்டில்மெண்டையும் அவர்தான் எழுதியிருந்தார்.

"இன்னாம்மா, அப்ப அவ்ளோ சந்தோஷமா எழுதின. மாமியா மருமவ சண்டன்னா கேட்டிருக்கேன், அத்த மருமவளுக்குள்ளயுமா?" என்றார், பக்கத்து மேசைக்காரனுக்கும் கேட்கும்படி.

"சண்டலாம் இல்லீங்க" என்றாள் அக்கா. "அவளுக்கு அங்க கவுருமெண்டே வீடு குடுக்குது. பெரிய வீடு. அதான் இது வேணாம்."

"அப்டியா? குடுத்து வச்ச பொண்ணு." அவர் யாழினியை ஏற இறங்கப் பார்த்தார். "கவலப்படாதம்மா. ரத்து பண்ணிட்டா எழுதவே எழுதாத மாரி."

இந்த முறை யாழினி படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டாள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பின்னால் காத்திருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். 'தங்கள் மீது எனக்குள்ள அன்பு, பாசம் காரணமாக எழுதிக்கொடுத்த மேற்படி செட்டில்மெண்டை' என்ற இடத்தில் வாய்விட்டே படித்துவிட்டாள். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு பேரும் கட்டைவிரலை வைத்தார்கள்.

வெளியே வந்து ஷேர் ஆட்டோவில் ஏறினோம். நடுவில் அக்கா, இரண்டு பக்கமும் நாங்கள். யாழினியின் கைப்பேசியில் செய்தி வந்து விழுந்தது. படித்தாள். மறுபடி படித்தாள். அக்காவின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னாள். வாரியத்தின் பதில் வந்துவிட்டது. எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதெல்லாம் பொருட்டில்லை, வீடு அவள் பெயரில் இருந்திருக்கிறது. இன்று கைவிட்டதாகக் கணக்கு. இன்றிலிருந்து இரண்டரை வருடம். இந்த எண் செல்லாது.

குரல் உயரவில்லை, அழவும் இல்லை. ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"இன்னாடா சொல்றா?" என்றாள் அக்கா.

"வெயில் தாங்கலியாம்."

"அய்ய, ஆமாம் பாவம்." அக்கா தன் முந்தானையை எடுத்து யாழினியின் தலைக்குமேல் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டாள். யாழினி அதைத் தள்ளிவிட்டு வெளியே பார்த்தாள். அக்கா முந்தானையை மறுபடி தோளில் போட்டுக்கொண்டாள்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். காத்திருப்பதாகத்தான் அரவிந்த் சொன்னான். அரை வருடம்போலக் காத்திருந்தான். அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "பிள்ளைக்கும் வயசாகுது பாருங்க" என்றார். பிள்ளைக்கு வயதாகிறது, பெண்ணுக்கு ஆகவில்லை போலும். வாரியத்தின் கண்ணில் அவன்மேல் தூசுகூட இல்லை, வேறொருத்தியோடு சேர்ந்து போட்டால் போதும். யாழினி பிரியச் சம்மதித்தாள். சம்மதிக்காமல் என்ன செய்வாள்? தனியாளாக விண்ணப்பிப்பதற்கு இங்கே முப்பத்தைந்து வயதாக வேண்டும். அதுவரை அலமாரிக் கதவு பாதிதான் திறக்கும்.

அத்தையின் எண்ணைக் கைப்பேசியில் தடுத்து வைத்திருக்கிறாள். அதனால்தான் அக்காவின் செய்திகள் எனக்கு வருகின்றன.

7

ஆட்டோவில் பதிலைக் கேட்ட பிறகு நேராகச் சென்னைக்குத் திரும்பியிருக்கலாம். அக்கா விடவில்லை.

"வேண்டுதல் கீதுடா. நம்பர் வந்ததுக்கு, மேல ஏறி ஒரு கும்புடு போட்டுட்டுப் போயிடலாம்."

யாழினி வரவில்லை என்று அடிவாரத்தில் ஒரு ஜூஸ் கடையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டாள். நானும் அக்காவும் படியேறினோம். படி சுட்டது. அக்கா செருப்பில்லாமல் ஏறினாள், நிழல் விழுந்த பக்கமாக ஒதுங்கி ஒதுங்கி. இடையிடையே நின்று மூச்சு வாங்கினாள். அவளிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் நான் அவளை வைதுகொண்டிருந்தேன், வாய்க்குள்.

பாதி வழியில் படிக்குப் பக்கத்தில் சரிவு. அங்கே சொந்த வீடு வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் கல்லின்மேல் கல்லாக அடுக்கி வைத்திருந்தார்கள். மூன்று கல் வீடு, ஐந்து கல் வீடு, மாடி வைத்த வீடு என்று சரிவு முழுக்க அதுதான். அக்கா படியை விட்டு இறங்கி, வேப்பமரத்துக்கு அடியில் போய்க் குனிந்தாள்.

"சேகரு, இங்க வா. இது நம்புள்து."

சுற்றிலும் இருந்தவற்றைவிட ஒழுங்காக இருந்தது. அடியில் பெரிய கற்கள், மேலே போகப்போகச் சின்னவை, உச்சியில் கூரைபோல ஒரு தட்டைக் கல். சந்துகளில் சிறு சரளைக்கல் வைத்து ஆடாமல் அடைத்திருந்தாள். காய்ந்துபோன சாமந்தி ஒன்று செருகியிருந்தது.

"யாழினி விண்ணப்பம் போட்டாளுன்னு நீ சொன்ன அன்னிக்கி வந்து அடுக்கினேன். மாசாமாசம் வந்து பாத்துப்பேன். மழ காத்துக்குக்கூட சாயல." அதைத் தடவிக்கொண்டே இருந்தவள் கையை எடுத்துக்கொண்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இதையும் அவ பேரச் சொல்லித்தான்டா அடுக்கினேன். இதுவும் கணக்குல வருமா?"

கிண்டல் செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. ஒரு நாளைக்குள் அவளுக்குத் தெரிந்த உலகத்தின் சட்டமெல்லாம் கவிழ்ந்துபோயிருந்தது. கொடுத்தது குற்றமாகிவிட்டது, பெயரைக் கல்லில் செதுக்கியது குற்றமாகிவிட்டது. இது மட்டும் ஏன் குற்றமில்லை என்று அவள் கேட்கிறாள், நியாயமாகத்தான்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். எல்லாம் முடிந்துபோயிற்று அக்கா, உன் பத்திரமும் போயிற்று, அவள் எண்ணும் போயிற்று, இந்தக் கல்லாவது நிற்கட்டும் என்று. கீழே என் மகள் மின்விசிறிக்கு அடியில் காய்ந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தாள். எனக்கு யாராவது எதையாவது இழக்க வேண்டும் போலிருந்தது.

"வரும்" என்றேன்.

அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள். உச்சியிலிருந்த தட்டைக் கல்லை இரண்டு கையாலும் எடுத்தாள். பக்கத்தில் யாரோ அரைகுறையாக அடுக்கி விட்டுப்போன ஒரு வீட்டின்மேல் அதை வைத்தாள். அடுத்த கல்லை இன்னொரு வீட்டுக்கு. அதற்கடுத்ததை மற்றொன்றுக்கு. "வேற யாருக்காச்சும் ஆவட்டும்" என்று சொல்லிக்கொண்டாள். பெரிய கற்களைத் தூக்க முடியவில்லை, முழங்காலைக் கீழே ஊன்றி உருட்டினாள். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், உதவவில்லை. கடைசியில் தரையில் ஒரு வெளுத்த வட்டம் மட்டும் இருந்தது. அதையும் காலால் மண் தள்ளி மூடினாள்.

எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். உள்ளங்கை சிராய்த்திருந்தது. அதைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இப்ப அவளுக்குன்னு எங்கியும் ஒரு வீடு இல்ல. இனிமே கெடச்சிடும் இல்ல?"

"ஆங், கெடச்சிடும்" என்றேன். இரண்டு பேரும் மேலே ஏறினோம்.